பஸ்மாசுரனுக்கு ஒரு கண்ட்ரோலர்

மண்ணுக்காக நடந்த போர்கள் உண்டு. பெண்ணுக்காக நடந்த போர்களும் உண்டு. ஜாலியாக ஊர் சுற்றக் கிளம்பிய ஒரு ஜோடி, காசைப் போட்டு அடிவாங்கிக்கொண்டு போனதால் மூண்ட போர், எனக்குத் தெரிந்து ஒன்றுதான். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்னும் வெள்ளைக்கொடி எதுவும் கண்ணில் படவில்லை.

சம்பவம் நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஜப்பானில் ஒரு கேம் சென்டரில். அங்கே சண்டை கேம் இயந்திரங்களை முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருப்பார்கள். மறுபக்கம் உட்கார்ந்திருப்பது நேற்று வந்த பொடியனா, பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமியா என்று தெரியாது. மசாஹிரோ சகுராய் என்ற இளைஞர் 'தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95' ஆடிக்கொண்டிருந்தார். எதிராளி ஒருவர் வந்து சேர்ந்தார். சகுராய் தன் கைவசம் இருந்த வித்தையையெல்லாம் இறக்கிவிட்டார். எதிராளியின் வீரனுக்கு எழுந்து நிற்கவே நேரம் கொடுக்கவில்லை. முடிந்த பிறகு பார்த்தால், மறுபக்கம் இருந்தது ஒரு காதல் ஜோடி. சும்மா பொழுது போக்க வந்தவர்கள். இனி இந்தத் திசையில் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அடித்தவர் யார் என்பதுதான் இதில் விசேஷம். 1992-ல் 'கிர்பி' என்ற உருண்டை ஜீவனைப் படைத்தவர் இவர். கேம் என்றால் என்னவென்றே அறியாதவர்களும் முதல் நாளே ஆடி முடித்துச் சிரிக்க வேண்டும் என்று அதைச் செய்தவர். கத்துக்குட்டிகளின் குலதெய்வம் என்றே சொல்லலாம். அந்தக் குலதெய்வமே சாமி வந்து ஆடி, கும்பிட வந்த இருவரை மிதித்துவிட்டது. பாவம் உறுத்தியது. பரிகாரமாக ஒரு கேம் செய்யலாம் என்று மனதுக்குள் முளைவிட்டது. பரிகாரம் என்று இறங்கிய எதுவும் சுலபத்தில் முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது.

சண்டை கேம்கள் ஏன் இந்த லட்சணத்துக்கு வந்தன என்று மூலத்தைத் தேடிப் போனால், ஒரு கார் கிடைக்கும். 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-வில் காரை அடித்து நொறுக்கும் போனஸ் சுற்று ஒன்று உண்டு. கேம் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், கேப்காம் கம்பெனியின் நோரிதகா ஃபுனாமிஸு அந்தச் சுற்றைச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனித்தார். சரியான கணத்தில் அமுக்கினால், முதல் அடியின் தாக்கம் தீருவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. வாங்குபவருக்கு மூச்சு விட இடமில்லை. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. ஆனால் அந்தக் கணத்தைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்ததால், எவன் இதைக் கண்டுபிடித்துக் காரியம் சாதிக்கப் போகிறான் என்று அப்படியே விட்டுவைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்துவிட்டு நாள் முழுக்க ஒரே இயந்திரத்தின் முன் தவம் கிடக்கும் பையன்களைப் பற்றி கேப்காம் அலுவலகத்தில் யாருக்கும் அனுபவம் இல்லை போலும். அவர்கள் கண்டுபிடித்தார்கள். காம்போ என்று அழைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த சண்டை கேம்களுக்கெல்லாம் அதுவே வேதமாகிவிட்டது.

நாலைந்து வருடத்தில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சாதிக்க ஆடுபவர்கள் ஒரு கட்சி. சும்மா ஆடுபவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர் ஒரே குத்தை ஐந்நூறு தடவை பழகிவிட்டு வருவார். இரண்டாம் கட்சிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எல்லா பட்டனையும் மொத்துவார். இருவரும் ஒரே இயந்திரத்தில் ஒரே காசைத்தான் போட்டாக வேண்டும் என்பதுதான் வியாபாரியின் தலைவலி. சும்மா ஆடுபவர் போய்விட்டால் கல்லாப்பெட்டி காலி. சாதிக்க ஆடுபவர் போய்விட்டால் ஆறே மாதத்தில் கேமின் பேரே ஊருக்கு மறந்துவிடும்.

நாம்கோ கம்பெனி இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. வேண்டுமென்றா தற்செயலாகவா என்பது அவர்களுக்கே வெளிச்சம். 1997-ல் 'டெக்கன் 3'-ல் எடி கோர்டோ என்ற கபோய்ரா வீரனை இறக்கிவிட்டது. அவனை எடுத்துக்கொண்டு உதை பட்டன் இரண்டையும் மனம்போன போக்கில் அமுக்கினால் போதும். கால் எது தலை எது என்று தெரியாமல் சுழன்று சுழன்று அடிப்பான். ஏன் அடித்தான் என்று அமுக்கியவருக்கும் தெரியாது. மணிக்கு இவ்வளவு என்று பிளேஸ்டேஷனை வாடகைக்கு விட்ட நம் ஊர்க் கடைகளிலும் இந்த எடியால் உறவுகள் முறிந்திருக்கின்றன.

"டேய், எடிய விட்டுட்டு வேற ஆள எடுறா."

"நீ மட்டும் ஜின் எடுக்குற. நான் எடி எடுத்தா என்னண்ணா?"

தம்பியின் இந்தக் கேள்விக்கு அண்ணன்மார் சமூகம் இன்றுவரை நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அது கிடக்கட்டும். சகுராயிடம் வருவோம்.

சகுராய் வேலை பார்த்த ஹால் லேபரட்டரியின் தலைவர் சதோரு இவாத்தா. கம்பெனித் தலைவர் என்றால் கையெழுத்துப் போடுவார், ரிப்பன் வெட்டுவார் என்றுதான் நமக்குப் பழக்கம். இந்த மனிதர் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து புரோகிராம் எழுதிக் கொடுத்தார். சகுராய் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டார். செய்துபார்த்த மாதிரியில் முதலில் பேர் ஊர் தெரியாத பொம்மைகள்தான் சண்டை போட்டன. யாருக்கும் பிடிப்பு வரவில்லை. உடனே சகுராய், நின்டெண்டோவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அந்தக் கம்பெனியின் மரியோவையும் டாங்கி காங்கையும் உள்ளே இழுத்துவந்து உதைத்துக்கொள்ள விட்டார். செய்துகாட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்டார். 1999 ஜனவரியில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' வெளிவந்தது.

அந்த ஜோடிக்காக அதில் வரங்கள் வாரி வழங்கப்பட்டிருந்தன. உயிர்க்கோடு கிடையாது, அடிவாங்க வாங்க ஒரு சதவீதம் ஏறும், ஏற ஏற அதிக தூரம் பறப்பார்கள், மேடைக்கு வெளியே பறந்தால் போச்சு. ஒரே அடி ஒவ்வொரு நேரமும் ஒவ்வொரு தூரம் தள்ளும் என்பதால், மனப்பாடம் செய்துவைத்த காம்போ செல்லாது. அப்போதைக்கப்போது யோசித்து ஆட வேண்டும். அரைவட்டம் முக்கால்வட்டம் என்று குச்சியைச் சுழற்றும் மந்திரமெல்லாம் வேண்டாம். ஒரு திசை, ஒரு பட்டன், வித்தை வந்துவிடும். நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். போதாக்குறைக்கு வானத்திலிருந்து பேஸ்பால் மட்டையும் வெடிகுண்டும் விழும். எடுத்தவன் ராஜா. வீட்டுக்கு வந்த அத்தைகூட ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

வரம் கொடுத்தாயிற்று. வரம் கொடுத்தால் அடுத்து யார் வாசலில் வந்து நிற்பான் என்று புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2001 நவம்பரில் இரண்டாம் பாகம், 'மெலீ'. பதின்மூன்றே மாதத்தில் செய்து முடித்தார்கள். சகுராய்க்கு விடுமுறை என்பதே இல்லை. கடைசி நேரத்தில் பிழைகள் மலையாகக் குவிந்து, குறித்த நாளில் வராது என்ற நிலை. அதற்குள் நின்டெண்டோ தலைமையகத்தில் பெரிய பதவிக்குப் போயிருந்த இவாத்தா, ஹால் கம்பெனி இருந்த யாமனாஷிக்கு ஓடிவந்து பழைய சகாக்களோடு உட்கார்ந்து பிழை களைந்தார். தான் கடைசியாகப் பொறியாளராக வேலை செய்தது அதுதான் என்று பிறகு சொன்னார். அப்படியொரு அவசரத்தில் பிறந்த குழந்தைக்குத்தான் இன்றுவரை ஆயுசு தீரவில்லை.

அதில் ஒரு வரத்தைப் பாருங்கள். அந்தரத்தில் அடிவாங்கித் தவிக்கும் அப்பாவிக்கு இரக்கப்பட்டு, ஒரு பட்டனை அமுக்கினால் கண நேரம் எந்த அடியும் படாமல் நழுவலாம் என்று ஏற்பாடு. அப்பாவி அதைப் பயன்படுத்தினாரா என்று தெரியவில்லை. அசுரர்கள் பயன்படுத்தினார்கள். குதித்த அதே நொடியில் தரையைப் பார்த்துச் சாய்வாக நழுவினால், ஆள் நின்றவாக்கில் பனிக்கட்டி மேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போவான், வழுக்கும்போதே அடிக்கலாம். இதற்கு வேவ்டாஷ் என்று பேர். தயாரிப்பின்போதே இந்த வழுக்கல் சகுராய் குழுவின் கண்ணில் பட்டிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கேப்காமின் காருக்கு நேர்ந்த கதையை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

மனப்பாடத்தை ஒழிக்க வந்த சதவீதம் என்னவாயிற்று? யாருக்கு என்ன எடை, எத்தனை சதவீதத்தில் எந்த உதை எவ்வளவு தூரம் தள்ளும், அங்கே போய்ச் சேர எத்தனை நொடி என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுவிட்டார்கள். அதை மனப்பாடம் செய்தார்கள். முன்பு ஒரு காம்போவை உருப்போட்டால் போதும். இப்போது சதவீதத்துக்கு ஒன்று.

பிறகு வீட்டைச் சுத்தம் செய்யும் வேலை ஆரம்பித்தது. உதைக்கக் காலைத் தூக்கும் நேரம் முகத்துக்கு நேரே வெடிக்கும் பெட்டி முளைத்தால் பரிசுப் பணம் என்னாவது? வானத்திலிருந்து விழும் பொருட்கள் அனைத்துக்கும் தடை. மொத்தம் 29 மேடைகள். எரிமலைக் குழம்பு பொங்குகிறது, கார் வந்து இடிக்கிறது என்று குற்றம் கண்டு கழித்ததில் போட்டிக்கு மிஞ்சியவை 6. மொத்தம் 26 வீரர்கள். உருப்படியானவர்கள் என்று தேறியது ஏழெட்டுப் பேர். பொருள் வேண்டாம், வீரனென்றால் ஃபாக்ஸ் மட்டும் போதும், மேடையென்றால் ஃபைனல் டெஸ்டினேஷன்தான் என்று ஒரு கோஷமே கிளம்பியது. கேலிக்காகச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான்கு பேர் கூத்துக்காகக் கட்டிய அரங்கில், இரண்டு பேர் ஒரு வெற்றுப் பலகைமேல் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஜோடி இப்போது வந்திருந்தால் நாற்பது நொடிகூடத் தாங்கியிருக்காது.

இதைப் பார்த்துச் சகுராய் சந்தோஷப்படவில்லை. மெலீ சாமானியனுக்கு எட்டாமல் போய்விட்டது என்று பிற்காலத்தில் பலமுறை சொன்னார். 2003-ல் ஹால் கம்பெனியை விட்டும் போனார். ஆனால் 2005-ல் இவாத்தா ஒரு காரியம் செய்தார். அமெரிக்காவில் நடந்த ஈ3 கண்காட்சிக் காலத்தில், அடுத்த ஸ்மாஷ் வருகிறது என்று ஊரறிய அறிவித்துவிட்டார். யார் செய்யப்போகிறார்கள் என்பது முடிவாகவில்லை. சகுராய்க்கும் அப்போதுதான் தெரியும். பிறகு அவரை ஹோட்டல் அறைக்குக் கூப்பிட்டு, நீங்கள் செய்யாவிட்டால் மெலீயையே புது மெஷினுக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பத்திரிகை அடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்ட கதைதான். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

2008-ல் 'ப்ரால்' வந்தது. இந்த முறை சாமி கண் விழித்தே இருந்தது. வேவ்டாஷ் போயே போச்சு. வேகம் குறைந்தது. அடிவாங்கியவர் சட்டென்று சுதாரித்துக்கொள்ளலாம் என்றாக்கியதால் காம்போவின் முதுகெலும்பும் முறிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கால் தடுக்குதல். ஓடத் தொடங்கும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு தடவை, எந்த முகாந்திரமும் இல்லாமல் வீரன் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான். வாழைப்பழத் தோலை மிதித்தால் வழுக்கும் என்று தனியாக ஒரு ஏற்பாடு அதே கேமில் உண்டு. தோல் இல்லாமலும் விழுவார்கள். சண்டைக் கலையின் சரித்திரத்தில், படைத்தவரே மேடைக்கு அடியில் ஒளிந்துகொண்டு காலை வாரிவிட்டது இந்த ஒருமுறைதான்.

சமத்துவத்தை இப்படிக் கொண்டுவரப் பார்த்தது மகா அபத்தம் என்பது என் கட்சி. சோபாவில் உட்கார்ந்து ஆடும் பையன் தடுக்கி விழுந்தால் சிரித்துவிட்டுப் போவான். அவனுக்கு இதனால் ஆட்டம் ஒரு இம்மிகூடச் சுலபமாகவில்லை. பணம் கட்டி, ஊர் விட்டு ஊர் வந்து, இறுதிச் சுற்றில் நிற்பவன் விழுந்தால் அழுவான். ஆக, ஒருவருக்கும் உதவாமல் ஒருவருக்கு மட்டும் வலித்தது.

சரி, வேகத்தைக் குறைத்ததால் அசுரர்கள் அடங்கினார்களா? மெட்டா நைட் என்ற முகமூடி வீரனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் மேடையின் விளிம்பைப் பிடித்துத் தொங்குவான். விட்டுவிட்டுத் திரும்பத் தொங்குவான். நேரம் முடியும்வரை தொங்குவான். முன்னிலையில் இருந்தால் அதுவே வெற்றி. வேறு வழியில்லாமல், ஒரு ஆட்டத்தில் இத்தனை தடவைக்கு மேல் விளிம்பைப் பிடிக்கக் கூடாது என்று போட்டி நடத்தியவர்கள் எண்ணி உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள். இன்னொரு பக்கம் டீடீடீ மன்னர். டாங்கி காங்கைப் பிடித்துக் கீழே போடுவார், எழுவதற்குள் மறுபடி பிடிப்பார், மறுபடி போடுவார். அந்தக் குரங்குக்கு விமோசனமே கிடையாது. மெட்டா நைட், டீடீடீ இருவரும் எந்த ஊர்க்காரர்கள் என்று பார்த்தால், கிர்பியின் ஊர். சகுராயின் சொந்தப் படைப்புகள். நம் ஊரில் இதற்கு எதிர்க்கட்சி வெளிநடப்பே செய்திருக்கும். அங்கே மெட்டா நைட்டைத் தடைசெய்யலாமா என்று வருடக்கணக்கில் விவாதித்து, அமெரிக்காவில் ஒரு விதிக்குழு தடையும் போட்டுப் பார்த்தது. அதுவும் நிலைக்கவில்லை.

அதே 2008-ல் லாஸ் வேகாஸில் ஈவோ என்ற சண்டை கேம் மாநாட்டில் ப்ராலைச் சேர்த்தார்கள், பொருட்களோடு. படைத்தவர் விருப்பப்படியே ஆடிப் பார்ப்போமே என்று எண்ணம். சாதிக்க ஆடும் கட்சி குதித்த குதியில் அந்தப் பரிசோதனை அத்தோடு முடிந்தது. மோகினி வந்து ஆடினால் அசுரனும் கூட ஆடி, தன் தலையிலேயே கை வைத்துக்கொள்வான் என்பதுதான் பழைய கதை. இங்கே அசுரன் மோகினியை ஏறிட்டும் பார்க்காமல் மெலீ ஆடத் திரும்பிப் போய்விட்டான். போகாத சிலர் ப்ராலின் வயிற்றைக் கிழித்து, உள்ளே மெலீயின் குடலை வைத்துத் தைத்து, 'ப்ராஜெக்ட் எம்' என்று தாங்களே ஒரு கேம் செய்துகொண்டார்கள்.

இதற்கிடையே ப்ரால் 1.3 கோடிப் பிரதிகள் விற்றிருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இப்படியொரு போர் நடப்பதே தெரியாது. இரு தரப்பும் சும்மா ஆடுபவனின் பேரைச் சொல்லித்தான் சண்டை போட்டன. அவனுக்காகத்தான் வேகத்தைக் குறைத்தோம் என்றது ஒரு தரப்பு. அவனுக்கும் வேகம்தான் பிடிக்கும், பழகினால் ருசிப்பான் என்றது இன்னொன்று. ஏழை மக்களின் பேரால் பேசும் மேடைகளில் ஏழைக்கு நாற்காலி போடாத வழக்கம் நமக்கு ஒன்றும் புதிதல்ல.

2013-ல் ஒரு உச்சக்கட்டம். ஈவோவில் கடைசியாக ஓர் இடம் பாக்கி. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு யார் அதிகம் நன்கொடை சேர்க்கிறார்களோ அவர்கள் கேமுக்கு இடம். பன்னிரண்டு வருடப் பழைய மெலீக்காக அதன் பக்தர்கள் 94,000 டாலருக்கு மேல் கொட்டினார்கள். போட்டி நெருங்கும் சமயத்தில், நேரலையாகக் காட்டக் கூடாது என்று நின்டெண்டோ முட்டுக்கட்டை போட்டது. புற்றுநோய்க்குக் காசு கொடுத்தவர்களிடம் வம்பு வைத்துக்கொண்ட கம்பெனி என்ற பேர் வாங்கச் சில மணி நேரம் போதுமானதாக இருந்தது. அன்றே பின்வாங்கியது.

அடுத்த வருடம் வந்த பாகத்தில் சகுராய் ஒரு நாட்டாமைத் தீர்ப்புச் சொன்னார். இணையத்தில் ஆட இரண்டு வாசல். 'ஃபார் ஃபன்' வாசலில் பொருட்கள் உண்டு, கலாட்டா உண்டு, ஜெயித்ததை மட்டும் கணக்கில் எழுதுவார்கள், தோற்றதை எழுத மாட்டார்கள். 'ஃபார் குளோரி' வாசலில் பொருள் கிடையாது, எல்லா மேடையும் தட்டைப் பலகை, தோல்வியும் கணக்கில் ஏறும். பாகப்பிரிவினை முடிந்தது, சகோதரர்கள் இனி பேசிக்கொள்ள வேண்டாம் என்று ஏற்பாடு. ஆனால் குளோரி வாசலில் போனவர்கள், தட்டைப் பலகை மட்டுமா எங்களுக்கு என்று முணுமுணுத்தார்கள். ஃபன் வாசலிலோ நான்கு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு எதிரெதிரே நின்று கும்மாளம் போட ஆரம்பித்தார்கள். நடுவில் எவனாவது விவரம் தெரியாமல் அடித்துவிட்டால், மற்ற மூவரும் சேர்ந்து அவனை மொத்திவிட்டுக் கூத்தைத் தொடர்வார்கள். சண்டை கேமில் சண்டை போடுவது மரியாதைக் குறைவு என்ற அளவுக்கு நாகரிகம் முன்னேறியது.

மெலீ கூட்டமோ எந்த வாசலுக்கும் வரவில்லை. புதுத் தட்டை டிவியில் படம் ஒரு கணம் தாமதமாக வருகிறது என்று, குப்பைக்குப் போன பழைய குண்டு டிவிப் பெட்டிகளைத் தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. இடுப்பு பிடித்துக்கொள்வதும் பயிற்சியின் பகுதிதான். என்னைக் கேட்டால், மெலீ பிழைத்ததற்குக் காரணமே அதைச் சீர்செய்ய யாராலும் முடியாததுதான். 2001-ல் தட்டில் அடித்து விற்றதோடு சரி. திருத்தம் என்று இணையத்தில் எதுவும் வராது. ஒருவன் அநியாயத்துக்கு ஜெயித்தால் கம்பெனிக்கு மனு போட வழியில்லை, மற்றவன் தானே ஒரு மாற்று கண்டுபிடித்தாக வேண்டும். இருபது வருடம் அப்படியே ஓடியிருக்கிறது.

அதற்காக அசுரலோகம் சுபிட்சமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 2018 ஈவோவில், 2014-ல் வந்த பாகத்தின் இறுதிச் சுற்றில், இருவருமே பேயோனெட்டா என்ற வீராங்கனையை எடுத்து மோதிக்கொள்ள, அலுத்துப்போன கூட்டம் கூச்சல் போட்டது. 2019-ல் மேரிலாந்து மாகாணத்தில் ஒரு மெலீ போட்டி. ஜிக்லிபஃப் என்ற ரோஸ் நிறப் பாட்டுக்காரப் பந்தை வைத்துக்கொண்டு, பொறுமையாக, மகா பொறுமையாக ஆடி ஜெயிக்கும் ஹங்ரிபாக்ஸ் என்ற ஆட்டக்காரர் அங்கேயும் ஜெயித்தார். பார்வையாளர் ஒருவருக்குப் பொறுமை தீர்ந்தது. ஹங்ரிபாக்ஸ் மேல் ஒரு நண்டை விட்டெறிந்தார். மேரிலாந்து நண்டுக்குப் பேர்போன சீமை. கைக்குக் கிடைத்தது அதுதான். போட்டி ஆட்டமே உயர்ந்தது, பொறுமையே திறமை என்று மேடைதோறும் முழங்கியவர்களின் கூடாரத்திலிருந்துதான் அந்த நண்டு வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

2018 டிசம்பரில் 'அல்டிமேட்'. முந்தைய பாகங்களில் வந்த அத்தனை பேரும் உண்டு. கடைசியில் எண்ணிக்கை 89-ல் போய் நின்றது. வேகம் திரும்பியது, திசை பார்த்து நழுவும் வித்தையும் பாதி திரும்பியது. முகாந்திரமில்லாமல் தடுக்கி விழுவது முந்தைய பாகத்திலேயே போய்விட்டிருந்தது. விற்பனை மூன்று கோடியைத் தாண்டியது. சாமி மனமிறங்கியது என்று இரு கட்சியும் பாயசம் வைத்தன. 2020-ல் குழந்தைகள் கேட்டுக்கொண்டே இருந்த மைன்கிராஃப்ட் ஸ்டீவ் வந்தான். மண்ணைத் தோண்டுவான், கட்டையை அடுக்குவான், சதுர முகத்தோடு நடப்பான். பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். 2023-க்குள் அமெரிக்காவில் பல போட்டிகளில் ஸ்டீவுக்குத் தடை. பிள்ளைகள் விளையாட்டாகக் கட்டை அடுக்கிய இடத்தில், பெரியவர்கள் கோட்டை கட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டு இரும்பு தோண்டினார்களாம்.

அதே 2023 கடைசியில் நின்டெண்டோ போட்டிகளுக்கு ஒரு விதிப் புத்தகம் போட்டது. தனி உரிமம் வாங்காமல் நடத்தினால், நேரில் கூடும் போட்டியில் 200 பேருக்கு மேல் ஆடக் கூடாது. பரிசு மொத்தம் 5,000 டாலரைத் தாண்டக் கூடாது. தின்பண்டம் விற்கக் கூடாது. நம் ஊரில் 144 போட்டால் ஐந்து பேர் சேர்ந்து நிற்க முடியாது. அந்தக் கணக்கில் பார்த்தால் நின்டெண்டோ தாராளப் பிரபுதான். எல்லோருக்குமான கேம் என்று 1999-லிருந்து சொல்லி வருகிறார்கள். எல்லோரும் என்றால் எத்தனை பேர் என்று எழுத்தில் வந்தது அப்போதுதான்.